ஐயமும் நம்பிக்கையும்: இங்கிலாந்துக் காவலரின் சோதனை உரிமை

தெருவிற் செல்வோரை நிறுத்திச் சோதிக்கும் உரிமை காவலர்க்கு இன்றியமையாதது என்பர் ஒரு சாரார். அது குடிமக்களின் உரிமைக்கு ஊறு என்பர் மற்றொரு சாரார். இவ்வுரிமை எந்நிலையில் மக்களின் நம்பிக்கையை இழந்தது என்பதை வரலாற்று வழிநின்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். இங்கிலாந்தின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1824ஆம் ஆண்டின் நாடோடிகள் சட்டம், குற்றம் செய்யும் எண்ணத்துடன் திரிவதாக ஐயுறப்பட்டாரைக் கைது செய்ய இடந்தந்தது. 1839ஆம் ஆண்டின் இலண்டன் மாநகர்க் காவற் சட்டம், களவுப்பொருள் வைத்திருப்பதாகத் தக்க காரணத்துடன் ஐயுறப்பட்டாரை நிறுத்திச் சோதிக்கும் உரிமையை வழங்கிற்று. முன்னது உள்ளத்து எண்ணத்தை நோக்கியது. பின்னது கையிலுள்ள பொருளை நோக்கியது. இரண்டாம் உலகப்போர்க்குப் பின் மேற்கிந்தியத் தீவுகளினின்று வந்து குடியேறியோரின் மக்கள், இவ்விரண்டும் தம்மீதே மிகுதியாகப் பாய்வதாகக் குறைகூறினர்.

1981 ஏப்பிரல் திங்களில் இலண்டனின் பிரிக்ஸ்டன் பகுதியில், வழிப்பறியையும் களவையும் ஒடுக்கும் பொருட்டுச் 'சுவாம்ப் 81' என்னும் நடவடிக்கை தொடங்கப்பெற்றது. சாதாரண உடையணிந்த காவலர் சில நாட்களில் 943 முறை மக்களை நிறுத்தினர். அதன் விளைவாகக் கைதானோர் 118 பேர். எட்டு முறை நிறுத்தியதில் ஏறத்தாழ ஏழு கைதின்றியே முடிந்தன என்பது ஈண்டுக் கருதற்பாலது. அந்நடவடிக்கை முடிவுறுமுன்னரே, ஏப்பிரல் 10 முதல் 12 வரை, அப்பகுதியிற் பெருங்கலகம் மூண்டது. வறுமையும் வேலையின்மையும் அதற்குக் காரணங்களாயினும், காவலர்பாற் கொண்ட வெறுப்பே கனன்றெழுந்தது எனலாம்.

கலகத்தை ஆராய்ந்த ஸ்கார்மன் பிரபு, அவ்வாண்டு நவம்பரில் அறிக்கை அளித்தார். தெருக்குற்றங்களைத் தடுக்கச் சோதனை உரிமை வேண்டும் என்பதை அவர் மறுத்திலர். ஆயின், பகைமை முற்றியிருந்த காலத்து அந்நடவடிக்கையை மேற்கொண்டது பெரும்பிழை என்றார். 1824ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஐயப்பிரிவு 1981லேயே நீக்கப்பட்டது. 1984ஆம் ஆண்டின் காவல், குற்றச்சான்றுச் சட்டம், சோதனைக்குத் தக்க காரணம் வேண்டுமென்றும், அக்காரணத்தைச் சோதிக்கப்படுவாரிடம் கூறவேண்டுமென்றும், எழுத்திற் பதிய வேண்டுமென்றும் விதித்தது. காவல் பற்றி அவ்வப் பகுதி மக்களின் கருத்தைக் கேட்டறியவும் அதுவே வழிவகுத்தது.

எனினும், இந்நெறி நிலைத்திலது. 1994ஆம் ஆண்டுச் சட்டம், வன்முறை நிகழுமென அஞ்சப்படும் இடத்தில், உயர் அலுவலரின் ஆணைப்படி, தனி ஐயமின்றியே எவரையும் சோதிக்க இசைந்தது. 2000ஆம் ஆண்டின் பயங்கரவாதச் சட்டமும் அத்தகைய உரிமையை வழங்கிற்று. அஃது எல்லையற்றதென்றும் தனிவாழ்வுரிமைக்கு மாறானதென்றும் ஐரோப்பிய மனித உரிமை மன்றம் 2010இல் தீர்ப்பளித்தது. அதன்பின் அப்பிரிவு நீக்கப்பட்டது. 1994ஆம் ஆண்டுப் பிரிவோ நின்றது.

இவற்றால் அறியப்படுவது ஒன்றுண்டு. மக்கள் வெறுத்தது சோதனையை அன்று. காரணம் கூறப்படாத ஐயத்தையே ஆம். காரணம் கூறும் கடமை காவலரின் கையைக் கட்டுவதாகத் தோன்றினும், உண்மையில் அதுவே அவர்க்கு மக்களின் துணையைத் தேடித் தருவது. அத்துணையின்றிச் சான்றுரைப்பார் இலர். சான்றுரைப்பார் இல்வழிக் காவலும் இல்லை.