அபாயகரக் கழிவு எரிப்பு

பூச்சிக்கொல்லி, சாயம், மருந்து ஆலைகளில் மிஞ்சும் நச்சுக் கரிமப் பொருள்களை 1,100 டிகிரி செல்சியசை ஒட்டியோ அதற்கு மேலோ எரித்து, கரியமில வாயுவாகவும் நீராவியாகவும் அமில வாயுக்களாகவும் உடைத்துவிடும் முறையே அபாயகரக் கழிவு எரிப்பு. அந்தச் சூடு நமக்குப் புதிதன்று. கடலூர் மாவட்டத்து விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் ஃபியூஸ் கட்டை போன்ற மின் பீங்கான்கள் வேகவே ஏறத்தாழ 1,200 டிகிரி வேண்டும். அதே மாவட்டத்தின் கடற்கரையில், கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையில், ரசாயன ஆலைகள் இருக்கின்றன. சூடும் இங்கே, கழிவும் இங்கே என்றால் கழிவைச் சூளையில் போட்டால் என்ன என்று ஒருவர் கேட்கலாம். கூடாது. சூடு மட்டும் நஞ்சை அழிப்பதில்லை. அந்தச் சூட்டில் வாயு எவ்வளவு நேரம் நின்றது, போதிய காற்று கிடைத்ததா, வெளியேறும்போது எவ்வளவு விரைவாகக் குளிர்ந்தது என்பவை சேர்ந்தே அழிக்கின்றன. இதைக் கற்றுக்கொள்ள உலகத்துக்கு ஒரு நூற்றாண்டு பிடித்தது.

பீங்கான் தொழிலாளிக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். களிமண்ணிலும் கொஞ்சம் கரிமப் பொருள் உண்டு. சூளையை அவசரமாக ஏற்றினால் அது எரிந்து வெளியேற நேரமும் காற்றும் கிடைக்காது. உடைத்துப் பார்த்தால் வெளியே வெளுத்த பண்டத்தின் நடுவில் கறுப்புப் பட்டை தெரியும். சூட்டைக் காட்டச் சூளைக்குள் வைக்கும் கூம்பு உரிய சூட்டில் வளைந்து சாய்ந்திருக்கும். ஆனாலும் உள்ளே கரி எரிந்திருக்காது. கழிவைப் பொறுத்தவரை சிக்கல் இன்னும் பெரிது. சூளையின் சூடு படிப்படியாக ஏறுவது. பூச்சிக்கொல்லிகளும் கரைப்பான்களும் சில நூறு டிகிரியிலேயே ஆவியாகிவிடும். சூளை 1,200 டிகிரியைத் தொடும் நேரத்தில் நஞ்சு புகைபோக்கி வழியாக ஊருக்குள் போய்ச் சேர்ந்திருக்கும். இதனால்தான் கழிவு உலைக்கு இரண்டு அறைகள். சுழலும் முதல் உருளையில் கழிவு ஆவியாகி எரிகிறது. அந்த வாயு, முன்பே சூடேறி நிற்கும் இரண்டாம் அறையில் 1,100 முதல் 1,200 டிகிரியில் குறைந்தது 2 விநாடி தங்கிப் போக வேண்டும்.

இந்த ஒழுங்கு ஒரே நாளில் வந்ததன்று. 1874இல் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் நகரக் குப்பைக்காக எரிப்பு உலை கட்டியவர்களின் நோக்கம், குப்பையின் அளவைக் குறைப்பது. நஞ்சை மூலக்கூறு மட்டத்தில் அழிக்க வேண்டும் என்ற எண்ணம் இரண்டாம் உலகப் போருக்குப் பின், குளோரின் கலந்த சேர்மங்கள் பெருகிய பிறகே வலுத்தது. இதில் 1977 ஒரு திருப்பம். வியட்நாம் போரில் மிஞ்சிய ஏஜென்ட் ஆரஞ்சு களைக்கொல்லியை, ஏறக்குறைய 85 லட்சம் லிட்டர், அமெரிக்க விமானப்படை பசிபிக்கின் ஜான்ஸ்டன் தீவுக்கு அப்பால் வல்கனஸ் என்ற எரிப்புக் கப்பலில் எரித்தது. கப்பலில் புகையைக் கழுவும் கருவி கிடையாது. அமிலத்தைக் கடல் வாங்கிக்கொள்ளும் என்ற நம்பிக்கைதான். அதே ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர் ஓலி குழுவினர், குப்பை எரிப்பு உலைகளின் சாம்பலில் டையாக்சின் என்னும் நச்சு இருப்பதாக அறிவித்தனர். நன்றாக எரிந்த புகைகூட 200 முதல் 400 டிகிரி வரையிலான சூட்டில் மெதுவாக ஆறினால், சாம்பல் துகள்களின் மேல் டையாக்சின் புதிதாக உருவாகும் என்பது பின்னர் தெளிவாயிற்று. அன்று முதல் நீரைப் பீய்ச்சிப் புகையைச் சட்டென்று குளிர்விப்பதும், சுண்ணாம்பும் செயலூட்டிய கரியும் தூவித் துணிப்பை வடிகட்டியில் பிடிப்பதும் உலையின் பிரிக்க முடியாத அங்கமாயின. உலைக்குப் பின்னால் நிற்கும் இந்த வரிசையில் கைவைத்துச் செலவைக் குறைப்பவர் எரிப்பதே வீண்.

இந்தியா 1989இல் அபாயகரக் கழிவு விதிகளைக் கொண்டுவந்தது. அந்த விதிகளின் கடுமையான சோதனை போபால். 1984 டிசம்பர் விஷவாயு விபத்துக்குப் பின் யூனியன் கார்பைடு ஆலையில் கிடந்த 337 டன் கழிவில் 162 டன் மண். மீதி செவின் பூச்சிக்கொல்லி, நாப்தால் எச்சங்கள், அரைகுறையாகத் தயாரான பூச்சிக்கொல்லி, உலைக் கழிவு. அதற்கு முன்பே, 2015இல், வேறு 10 டன் சோதனையாகப் பீதம்பூர் கழிவு உலையில் எரிக்கப்பட்டது. 2025 ஜனவரியில் 12 கண்டெய்னர்களில் இந்த 337 டன்னும் அங்கு போனபோது ஊர் கொதித்தது. உயர் நீதிமன்ற மேற்பார்வையில் மணிக்கு 135, 180, 270 கிலோ என மூன்று சோதனைகள் நடந்தன. அதன் பிறகே ஜூன் இறுதிக்குள் வேலை முடிந்தது. புகை வரம்புக்குள் இருந்ததாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொன்னது. ஆனால் 337 டன் எரித்து மிஞ்சிய எச்சம் 800 டன்னுக்கு மேல்.

எதிர்ப்பாளர்கள் இதைத்தான் சுட்டுகிறார்கள்: எரித்தும் கழிவு கூடிற்று என்றால் எரித்து என்ன பயன்? கேள்வி நியாயமானது, பதிலும் உண்டு. அமிலத்தைப் பிடிக்கச் சேர்த்த சுண்ணாம்பின் எடைதான் பெரும்பங்கு; மூலக்கழிவில் ஏறத்தாழப் பாதி எரியாத மண். எரிப்பு கரிமத்தை அழிக்கும், பாதரசத்தையும் ஈயத்தையும் அழிக்காது. ஆகவே மண்ணைப் பிரிக்காமல் உலைக்கு அனுப்பியதைக் குறை சொல்லலாம். முறையைக் குறை சொல்ல முடியாது. சிமெண்ட் உலையில் எரிக்கலாமே என்பவர்களின் வாதம் வலுவானது. 1,450 டிகிரியில் வேகும் கிளிங்கர், சுண்ணாம்பு நிறைந்த சூழல், சாம்பல் தனியாக மிஞ்சாத வசதி எல்லாம் அங்கே உண்டு. விருத்தாசலத்திலிருந்து ரயிலில் தெற்கே போனால் வரும் அரியலூர் சிமெண்ட் நகரமே. ஆனால் பாதரசம் அந்த உலையிலும் நிற்காது. குளோரின் மிகுந்தால் உலைக் குழாயே அடைத்துக்கொள்ளும். எந்தக் கழிவு, எவ்வளவு என்று ஒவ்வொரு லோடையும் பரிசோதித்து அனுப்பாத இடத்தில் அதுவும் வெறும் புகைபோக்கிதான்.

போபாலில் எரிந்தது, கிடங்கில் கட்டி வைத்திருந்த கழிவு மட்டுமே. ஆலை வளாகத்திலும் சுற்றிலும் மாசுபட்ட மண் 11 லட்சம் டன் என்று 2010இல் தேசிய சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனமும் (நீரி) தேசிய புவி இயற்பியல் ஆய்வு நிறுவனமும் மதிப்பிட்டன. எந்த உலைக்கும் அது அடங்காது.