தண்டியடிகளின் கயிறு

திருவாரூர்க் கமலாலயத்தைப் பார்த்து மலைத்து நிற்காதவர்கள் குறைவு. கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி என்று ஊரார் கணக்குச் சொல்லுவார்கள். எனக்கென்னவோ அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்தால் ஒரு கயிறுதான் நினைவுக்கு வருகிறது.

தண்டியடிகள் பிறவியிலேயே பார்வையற்றவர். 8-ஆம் நூற்றாண்டில் சுந்தரர் அவரைத் திருத்தொண்டத்தொகையில் வைத்துப் பாடினார். 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் கதையை விரித்தார். குளம் குறுகிக் கிடந்தது. அடிகள் குளத்துக்குள் ஒரு கம்பும் கரையில் ஒரு கம்பும் நட்டு, இடையே கயிறு கட்டினார். அதைத் தடவிக்கொண்டே இறங்குவார். மண்ணை வெட்டிக் கூடையில் சுமந்து, தடவிக்கொண்டே ஏறிக் கொட்டுவார். கண்ணைக் கேட்டுக்கொண்டு அவர் அந்த வேலையைத் தொடங்கவில்லை.

சமணர்கள் பரிகசித்து மண்வெட்டியையும் கூடையையும் பிடுங்கினார்களாம். முடிவில் அரசன் முன்னிலையில் அடிகள் குளத்தில் மூழ்கிப் பார்வையோடு எழுகிறார். அவர்கள் பார்வை போய்விடுகிறது. இந்த இடம் எனக்கு உவப்பில்லை. அதுவரை யாருக்கும் தண்டனையாக இல்லாத குருடு அங்கே தண்டனையாகிவிடுகிறது.

அடிகளைப் பாடிய சுந்தரருக்கும் கண் போயிற்று, சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறித் திருவொற்றியூரை விட்டுப் புறப்பட்டபோது. அவர் கயிறு கட்டவில்லை. கடவுளோடு சண்டை பிடித்தார். திருவெண்பாக்கத்தில் ஓர் ஊன்றுகோல் கிடைத்தது. காஞ்சியில் ஒரு கண். மறு கண், இதே திருவாரூரில்.