பூசணிக்குப் பின்னால் ஒரு பஞ்சம்

இலையுதிர்காலத்தில மேலைநாட்டு வீடுகளை அலங்கரிக்கிற குரோசே பூசணிக்குப் பின்னால ஒரு பஞ்சம் இருக்கு. 1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் மாண்டனர். கன்னியர் மடங்களில் குரோசே பழகிய பெண்கள், ஒற்றைக் கொக்கி ஊசியால் வீட்டு அடுப்பை எரிய வைத்தார்கள். டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கேற்றும் வழக்கத்தை ஐரிஷ் மக்கள் அமெரிக்காவுக்குக் கொண்டுபோக, அங்கே கிழங்கின் இடத்தைப் பூசணி பிடித்தது.

வன்னியில் இலையுதிர்காலம் இல்லை. ஐப்பசி எண்டால் எங்களுக்கு மழையும் காலபோக விதைப்பும்தான். ஆனா 2009க்குப் பிறகு பெண்கள் தனியே சுமக்கிற வீடுகள் இங்க எத்தனை! அவர்களின் தையலையும் பின்னலையும் பொழுதுபோக்கு எண்டு சொல்லி விலையைக் குறைச்சுக் கேக்காதீங்கோ. அயர்லாந்தில் அது உயிர் காத்த தொழில்.