புதையுண்ட சூரிய ஒளி: நிலக்கரியும் இறைப் பராமரிப்பும்

புகைவண்டிப் பொறியியலாளர் ஜார்ஜ் ஸ்டீவன்சனின் வாழ்க்கை வரலாற்றை 1857இல் வெளியிட்ட சாமுவேல் ஸ்மைல்ஸ், அதில் ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறார். சர் ராபர்ட் பீலின் டிரேட்டன் மாளிகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து திரும்பிய விருந்தினர் மாடத்தில் நின்றுகொண்டிருந்தனர். தொலைவில் ஒரு புகைவண்டி வெண்புகையை விட்டுச் சென்றது. அருகில் நின்ற குருவும் நிலவியல் அறிஞருமான வில்லியம் பக்லண்டை நோக்கி, அந்த வண்டியை ஓட்டுவது எது என்று ஸ்டீவன்சன் வினவினார். எஞ்சின் என்றார் பக்லண்டு. எஞ்சினை ஓட்டுவது எது என்று மீண்டும் கேட்கவே, நியூகாசில் ஓட்டுநர் ஒருவராக இருக்கலாம் என்றார். ஸ்டீவன்சனோ, அதை ஓட்டுவது சூரிய ஒளியே என்றார். பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் செடிகொடிகள் உட்கொண்ட ஒளி நிலக்கரியாகப் பூமிக்குள் புதைந்து கிடந்து, இப்போது வெளிவந்து மனிதருக்குப் பணி செய்கிறது என்பது அவர் விளக்கம்.

நிலக்கரியை விட்டுச் சூரியனுக்கும் காற்றுக்கும் திரும்புவோம் என்று நாடுகள் பேசும் இக்காலத்தில் இந்நிகழ்ச்சி சிந்திக்கத்தக்கது. இருளை விட்டு ஒளிக்கு வருகிறோம் என்பதே இன்றைய பேச்சின் உட்கருத்து. ஆனால் நிலக்கரியும் தன் காலத்தில் ஒளியின் கொடையாகவே மக்கள் முன் வைக்கப்பட்டது. தொன்மம் என்றால் பொய் என்று நாம் கொள்வதில்லை; ஒரு சமுதாயம் தன் வாழ்வுக்குப் பொருள் காணும் கதையே தொன்மம். புல்ட்மனைப் படித்துத் திருமறையின் தொன்மங்களை ஆராயக் கற்றுக்கொண்ட நாம், மின்வாரிய அறிக்கைகளையும் பொருளாதாரத் திட்டங்களையும் அவ்வாறு வாசிக்க ஏனோ கற்றுக்கொள்ளவில்லை. நிலக்கரியின் தொன்மத்தை உருவாக்குவதில் குருமாருக்குப் பெரும்பங்கு இருந்ததால், அதை ஆராயும் கடமையும் நமக்கு உண்டு.

பக்லண்டு ஆக்ஸ்போர்டில் நிலவியல் போதித்தவர்; 1845இல் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தின் டீன் ஆனவர். இயற்கை இறையியலின் நோக்கில் அவர் எழுதிய நிலவியல் நூல் 1836இல், பிரிட்ஜ்வாட்டர் நூல்வரிசையில் ஒன்றாக வெளிவந்தது. தொல்காடுகள் அழிந்து நிலக்கரியாயின. இரும்புக் கனிமமும், அதை உருக்க வேண்டிய நிலக்கரியும், சுண்ணாம்புக் கல்லும் இங்கிலாந்தின் சில பகுதிகளில் அருகருகே கிடக்கின்றன. நிலக்கரிப் படுகைகள் சாய்ந்தும் முறிந்தும் இருப்பதுகூடச் சுரங்கம் தோண்டுவோருக்கு உதவுகிறது. இவையனைத்தும் தற்செயலன்று, மனிதன் தோன்றுவதற்கு எத்தனையோ காலத்துக்கு முன்பே அவன் தேவையை அறிந்த படைப்பாளரின் ஏற்பாடு என்பது அவர் வாதம். பக்லண்டைப் பேராசையின் துணைவர் என எண்ணுவது அநீதி. நியூகாசில் சுரங்க வாயில்களில் சிறுகரியை வீணே எரித்துத் தள்ளும் வழக்கத்தை அதே நூலில் அவர் கண்டித்தார். கொடையை வீணாக்கலாகாது என்பதில் உறுதியாக நின்றார். ஆயினும் அந்தக் கொடையை மேலே கொண்டுவருபவர் யார் என்ற கேள்வி அவருடைய வாதத்துக்குள் எழவில்லை. படைப்பாளர் இருக்கிறார், பயன்பெறும் நாடு இருக்கிறது. இடையே ஒருவரும் இல்லை.

அந்த நூல்வரிசைக்கு 8,000 பவுன் எழுதி வைத்து 1829இல் இறந்தவர் பிரிட்ஜ்வாட்டரின் எட்டாம் பிரபு. அவரும் குருப்பட்டம் பெற்றவரே. அவர் குடும்பத்தின் பெயரை இங்கிலாந்து முழுதும் பரப்பியது ஒரு கால்வாய். அவருடைய உறவினரான மூன்றாம் டியூக், தம் வொர்ஸ்லி சுரங்கங்களின் நிலக்கரியை மான்செஸ்டருக்குக் கொண்டுசெல்ல வெட்டி 1761இல் திறந்த கால்வாய் அது. இவ்வாறு நிலக்கரியால் செழித்த ஒரு குடும்பத்தின் கொடையே நிலக்கரியில் இறைவனின் கரத்தைக் காட்டிய நூலுக்கு வழி செய்தது. திருச்சபையும் வெறும் பார்வையாளராக இருக்கவில்லை. வடக்கே டர்ஹாமில் பேராயருக்கும் பேராலயத்துக்கும் உரிய நிலங்களின் அடியில் நிலக்கரி இருந்தது. அச்சொத்துகளைக் கொண்டே 1832இல் டர்ஹாம் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. 1938ஆம் ஆண்டுச் சட்டம் நிலக்கரி உரிமைகளை அரசுடைமையாக்கும் வரை, தோண்டிய ஒவ்வொரு டன்னுக்கும் உரிமைத்தொகை பெற்ற பெரும் நிலவுடைமையாளருள் இங்கிலாந்துத் திருச்சபையின் ஆணையமும் ஒன்று.

அதே டர்ஹாமில் வேறொரு குரு வேறு வகையில் எழுதினார். டைன் ஆற்றின் தென்கரையிலுள்ள ஃபெல்லிங் சுரங்கத்தில் 1812 மே 25 அன்று தீவாயு வெடித்து 92 பேர் மாண்டனர். தீயை அடக்கக் காற்றுவழிகளை அடைத்தார்கள். உள்ளே எவரேனும் உயிரோடிருக்கக்கூடும் என்று உறவினர் மன்றாடினர். சூலை மாதத்தில்தான் சுரங்கம் மீண்டும் திறக்கப்பட்டது. உடல்களை எடுத்து முடிக்கச் செப்டம்பர் ஆயிற்று. அவர்களை அடக்கம் செய்யும் பொறுப்பு, ஜாரோ, ஹேவொர்த் சபைகளின் போதகரான ஜான் ஹாட்ஜ்சன்மேல் விழுந்தது. (ஜாரோ, அதற்கு ஏறத்தாழ ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் வணக்கத்துக்குரிய பீட் வாழ்ந்து எழுதிய மடம் இருந்த ஊர்.)

அக்காலத்தில் சுரங்க விபத்துகளைப் பற்றி எழுதுவது உரிமையாளருக்கு உவப்பானதன்று. விபத்துச் செய்திகளை வெளியிட வேண்டாமெனக் கேட்டுக்கொள்ளப்பட்டதாக 1767இலேயே ஒரு நியூகாசில் செய்தித்தாள் அச்சிட்டது. ஹாட்ஜ்சன் 1813இல் விபத்தின் வரலாற்றை நூலாக வெளியிட்டார். சுரங்கத்தின் வரைபடமும், வெடிப்பு நேர்ந்த விதமும், மாண்டவரின் பெயரும் வயதும் அதில் உண்டு. பட்டியலில் பத்து வயதை எட்டாத சிறுவனும் இருக்கிறான். இருளில் தனியே அமர்ந்து, கரிவண்டி வரும்போது காற்றடைக்கும் கதவைத் திறந்து மூடும் வேலை இத்தகைய சிறுவருடையது. பக்லண்டின் நூல் இறையியல், ஹாட்ஜ்சனின் நூல் விபத்து அறிக்கை என்று நூலகத்தார் வகுக்கக்கூடும். இவ்வகுப்பு சரிதானா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. பட்டியலிட்டுப் பெயர் சொல்வது திருமறை எழுத்தாளரும் கையாண்ட முறையல்லவா?

ஹாட்ஜ்சனின் நூல் பலன் தந்தது. அவ்வாண்டே சண்டர்லாந்தில் சுரங்க விபத்துகளைத் தடுக்கும் சங்கம் தோன்றியது. பிஷப்வேர்மவுத் போதகர் ராபர்ட் கிரே, வேதியியல் அறிஞர் ஹம்ப்ரி டேவியின் உதவியை நாடினார். 1815இல் டேவி வடக்கே வந்தபோது அவர் ஆய்வுக்கு ஹாட்ஜ்சன் துணை நின்றார். அவ்வாறு உருவான காப்பு விளக்கு 1816 சனவரியில் ஹெப்பர்ன் சுரங்கத்தில் சோதித்துப் பார்க்கப்பட்டது. கம்பிவலைக்குள் எரியும் சுடர் வெளியிலுள்ள வாயுவைப் பற்றவைக்காது. ஆனால் விளக்கு வந்ததால், தீவாயு மிகுதியென்று கைவிடப்பட்ட ஆழ்ந்த படுகைகளிலும் ஆட்களை இறக்க முடிந்தது. வட இங்கிலாந்தில் விளக்குக்கு முந்திய 18 ஆண்டுகளில் 447 பேரும், பிந்திய 18 ஆண்டுகளில் 538 பேரும் மாண்டனர் என்ற கணக்கு 1835இல் நாடாளுமன்றக் குழுவின் முன் வந்தது. உயிரைக் காக்க வந்த கருவி நிலக்கரியைப் பெருக்கும் கருவியாயிற்று. சிறுவரையும் பெண்களையும் குறித்த அரசு விசாரணை அறிக்கை 1842இல் வெளிவந்த பின்னரே, நற்செய்திப் பற்றாளரான ஆஷ்லி பிரபுவின் முயற்சியால், பெண்களும் பத்து வயதுக்குட்பட்ட சிறுவரும் சுரங்கத்தில் இறங்குவது தடை செய்யப்பட்டது. டர்ஹாமில் பல சுரங்கங்களுக்கு உடையவரான லண்டன்டெரி பிரபு அதை மேலவையில் எதிர்த்தார்.

விளக்கின் கதையிலுள்ள முரணைப் பொருளாதார விதியாகக் கண்டவர் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ். நிலக்கரிப் பிரச்சினை பற்றி 1865இல் அவர் எழுதிய நூல், சிக்கனமான எஞ்சின் வந்தால் நிலக்கரிச் செலவு குறையும் என்ற நம்பிக்கையைத் தகர்த்தது. மலிவானால் பயன் பெருகும். பயன் பெருகினால் மொத்தச் செலவு கூடும். மறு ஆண்டே கிளாட்ஸ்டன் தம் வரவு செலவு உரையில் அந்நூலை எடுத்தாண்டார். ஆனால் சுரங்கங்கள் அடங்கவில்லை. 1913இல் பிரிட்டன் 28.7 கோடி டன் தோண்டியது.

நமக்கு அண்மைய காலத்தில் கொடையின் கதை, யுகங்களின் கதையாக உருமாறியது. அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர், ஞாயிறு பள்ளியில் போதித்த பாப்டிஸ்டு விசுவாசி, 1977 ஏப்ரல் 18 அன்று நாட்டு மக்களுக்கு ஆற்றிய உரையில், மனிதர் மரத்திலிருந்து நிலக்கரிக்கும், பின்னர் எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் மாறினர் என்றும், இது மூன்றாம் மாற்றத்தின் வேளை என்றும் கூறினார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஃபியோரே ஊர் யோவாக்கீம் வகுத்த மூன்று யுகங்களை அறிந்தவருக்கு இவ்வமைப்பு புதிதன்று: பழைய யுகம் கழிகிறது, புதியது பிறக்கிறது. ஆனால் உண்மையில் எதுவும் கழியவில்லை. பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ழான்-பப்டிஸ்ட் ஃபிரெஸோஸ் 2024இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாகக் காட்டுகிறார். நிலக்கரி மரத்தை விரட்டவில்லை. சுரங்கக் கூரையைத் தாங்கும் முட்டுமரங்களுக்காகக் காடுகள் வெட்டப்பட்டன. எண்ணெய் நிலக்கரியை விரட்டவில்லை. எண்ணெய்க் குழாய்க்கு வேண்டிய எஃகு நிலக்கரியால் உருக்கப்பட்டது. 2024இல் உலகம் 870 கோடி டன்னுக்கு மேல் நிலக்கரியைப் பயன்படுத்தியது. கார்ட்டர் பேசிய ஆண்டைவிட இரு மடங்குக்கும் மேல். அவருடைய திட்டமே சூரிய ஒளியோடு நிலக்கரியையும் பெருக்கச் சொன்னது என்பது பலருக்கு நினைவில்லை.

இதைக் கொண்டு சூரியத் தகடும் காற்றாலையும் வேண்டாம் என்று வாதிப்பவர் உண்டு; நான் அவருள் ஒருவன் அல்லேன். புவி வெப்பமடைதல் மெய். நிலக்கரியை நிறுத்தியாக வேண்டும். ஆனால் வெயிலுக்கும் காற்றுக்கும் விலையில்லை, அவை இறைவனின் இலவசக் கொடை என்று பிரசங்க பீடத்திலிருந்து சொல்லும்போது, நாம் பக்லண்டின் வாக்கியத்தையே சொல்கிறோம். வெயில் இலவசமே. அதன் மின்சாரத்தைச் சேமிக்கும் பல மின்கலங்களுக்குக் கோபால்ட் வேண்டும். உலகக் கோபால்ட்டில் பெரும்பங்கு காங்கோ நாட்டின் தென்பகுதியில் எடுக்கப்படுகிறது. அங்கே கையால் குழி தோண்டுவோரிடையே சிறுவரும் வேலை செய்துவருவதை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்துள்ளன. அவர்கள் பெயரையும் வயதையும் எந்தப் போதகர் எழுதி வைத்திருக்கிறார்?

டர்ஹாம் நிலக்கரி வயலின் கடைசி ஆழ்சுரங்கம் சண்டர்லாந்தின் வேர்மவுத். ராபர்ட் கிரே போதகராயிருந்த ஊரின் ஆற்றுக்கு எதிர்க்கரை. அது 1993 டிசம்பரில் மூடப்பட்டது. பிரிட்டனின் கடைசி நிலக்கரி மின்நிலையம் 2024 செப்டம்பர் 30 அன்று நின்றது. ஆயினும் ஆண்டுதோறும் சூலையில் சுரங்கத் தொழிலாளர் விழாவன்று, மூடப்பட்ட சுரங்கங்களின் கொடிகளை ஏந்தி மக்கள் டர்ஹாம் பேராலயத்துக்குள் வருகிறார்கள். முன்னர், அவ்வாண்டில் உயிர்ச்சேதம் நேர்ந்த சுரங்கத்தின் கொடியில் கறுப்புத் துணி கட்டி வருவது வழக்கம். வேர்மவுத் சுரங்கம் இருந்த இடத்தில் இப்போது ஒரு கால்பந்து மைதானம் இருக்கிறது. அதற்கு ஒளியின் மைதானம் என்று பெயர். வெளியே டேவி விளக்கின் பேருருவம் ஒன்றை நிறுத்தியிருக்கிறார்கள். ஃபெல்லிங்கில் மாண்டவரின் பெயர்கள் பொறித்த தூண், ஹாட்ஜ்சன் அவர்களை அடக்கம் செய்த ஹேவொர்த் ஆலய வளாகத்தில் நிற்கிறது.