'சிறுபான்மை' என்னும் சொல்லும் கேரளக் கல்விச் சட்டமும்: ஜோசப் முண்டசேரியின் பொதுவாழ்வும் மட்டாஞ்சேரியின் மொழிகளும்

1. முன்னுரை

இந்திய மாநிலங்களில் பொதுக்கல்வித் துறையின் தலைமை, மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட அமைச்சரிடம் உள்ளது. அவர் கொணரும் சட்டம் பள்ளி நிருவாகத்தையும் ஆசிரியர் ஊதியத்தையும் மட்டுமே பற்றியதாகத் தோன்றலாம். ஆயினும், அச்சட்டத்திலுள்ள சொற்களுக்கு நீதிமன்றம் காணும் பொருள், அம்மாநிலத்தில் வழங்கும் மொழிகளின் நிலையையும் தொடுவதுண்டு. கேரளத்தின் முதல் கல்வியமைச்சர் ஜோசப் முண்டசேரி (1903-1977) கொணர்ந்த கல்விச் சட்டம் இதற்குத் தக்க சான்றாகும். அச்சட்டம் ஓர் அரசியல் போராட்டத்தின் காரணமாகவே பெரிதும் அறியப்பட்டுள்ளது. அதனைச் சொற்பொருள் பற்றிய வழக்காகவும் கொண்டு ஆராய இயலும். முண்டசேரியின் பொதுவாழ்வைச் சுருக்கமாகக் கூறி, அவருடைய சட்டத்தை ஒட்டி எழுந்த 'சிறுபான்மை' பற்றிய விளக்கத்தை, பல மொழியினர் நெருங்கி வாழும் கொச்சி மட்டாஞ்சேரியில் பொருத்திப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. முண்டசேரியின் பொதுவாழ்வு

முண்டசேரி திருச்சூர் அருகிலுள்ள கண்டசாங்கடவில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் வடமொழியும் மலையாளமும் பயின்று முதுகலைப் பட்டம் பெற்றார். திருச்சூர் புனித தோமையார் கல்லூரியில் நீண்டகாலம் கீழைமொழிகள் கற்பித்தார். 'காவ்யபீடிகை' முதலிய நூல்களால் மலையாளத் திறனாய்வுலகில் நிலையான இடம் பெற்றார். முற்போக்கு எழுத்தாளர் இயக்கத்துள் நின்றுகொண்டே, இலக்கியத்திற்கு வடிவச் செம்மையும் இன்றியமையாதது என வாதிட்டவர் அவர். 'ரூபபத்ரதை' என்னும் பெயரால் அறியப்படும் அவ்விவாதம் மலையாளத் திறனாய்வு வரலாற்றில் குறிப்பிடத்தக்கது. தனியார் கல்லூரி ஆசிரியரின் இடர்ப்பட்ட வாழ்வை அவர் 'புரொபசர்' என்னும் புதினத்தில் எழுதினார்.

ஆசிரியராயிருந்து சட்டமன்றம் புகுந்த முண்டசேரி, 1957 பொதுத்தேர்தலில் மணலூர்த் தொகுதியிலிருந்து வெற்றி பெற்றார். 1957 ஏப்ரல் 5 அன்று ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடு தலைமையில் பதவியேற்ற அமைச்சரவையில் கல்வித் துறை அவர் பொறுப்பிலானது. திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தைக் கேரளப் பல்கலைக்கழகமாக மாற்றியமைத்த 1957ஆம் ஆண்டுச் சட்டமும் அவர் காலத்ததே. பிற்காலத்தில், 1971இல் நிறுவப்பட்ட கொச்சிப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராகவும் அவர் பணியாற்றினார்.

3. கல்விச் சட்டமுன்வடிவு

கேரளத்தில் பள்ளிகளுட் பெரும்பகுதி தனியார் நிருவாகத்தில் இருந்தது. கிறித்தவச் சபைகளும் சமுதாய அமைப்புகளும் தனிமேலாளர்களும் அவற்றை நடத்தினர். ஆசிரியரின் நியமனம், ஊதியம், பணிநீக்கம் ஆகியன பெரும்பாலும் மேலாளர் கையில் இருந்தன. இந்நிலையை மாற்றுவதே முண்டசேரியின் சட்டமுன்வடிவின் குறிக்கோள். உதவி பெறும் பள்ளி ஆசிரியர்களுக்கு அரசே நேரடியாக ஊதியம் வழங்குதல், அரசுப் பணித் தேர்வாணையம் தெரிந்தெடுத்த பட்டியலிலிருந்தே ஆசிரியரை அமர்த்துதல், தொடக்க வகுப்புகளில் கட்டணம் பெறாமை, சில சூழல்களில் பள்ளி நிருவாகத்தை அரசு ஏற்றுக்கொள்ளுதல் ஆகியன அதன் முதன்மையான கூறுகள்.

1957 செப்டம்பர் 2 அன்று சட்டமன்றம் இதனை நிறைவேற்றியது. ஆளுநர் இதனைக் குடியரசுத் தலைவரின் கருத்துக்கு ஒதுக்கினார். குடியரசுத் தலைவர், அரசியலமைப்பின் 143ஆம் பிரிவின்படி, நான்கு வினாக்களை உச்சநீதிமன்றத்தின் முன் வைத்தார். அவற்றுள் தலையாயது, இச்சட்டமுன்வடிவின் கூறுகள் 30(1)ஆம் பிரிவை மீறுகின்றனவா என்பதாகும். சமயத்தையோ மொழியையோ அடிப்படையாகக் கொண்ட சிறுபான்மையர் அனைவர்க்கும், தாம் தெரிந்துகொள்ளும் கல்வி நிறுவனங்களை நிறுவவும் நிருவகிக்கவும் உரிமை உண்டு என்பது அப்பிரிவின் சாரம். ஆசிரியரின் நலனுக்காக எழுதப்பட்ட சட்டத்தின் எதிர்காலம், இவ்வாறு 'சிறுபான்மையர்' என்னும் சொல்லின் பொருளைச் சார்ந்ததாயிற்று.

4. உச்சநீதிமன்றத்தின் கருத்துரை

அரசியலமைப்பு 'சிறுபான்மை' என்பதற்கு இலக்கணம் கூறவில்லை. எண்ணிக்கையில் பாதிக்குக் குறைந்தோர் சிறுபான்மையர் என்பதில் கருத்து வேறுபாடு எழவில்லை. எதில் பாதி என்பதே சிக்கல். பள்ளி அமைந்துள்ள வட்டாரத்தை அலகாகக் கொள்ள வேண்டும் என்பது கேரள அரசின் வாதம். மாநிலத்தில் சிறு தொகையினராயினும், தம் வட்டாரத்தில் மிகுதியாக வாழ்வோர் அங்கே சிறுபான்மையர் ஆகார் என்பது அதன் உட்கிடை.

1958 மே 22 அன்று தலைமை நீதிபதி எஸ்.ஆர். தாஸ் வழங்கிய கருத்துரை இதனை ஏற்கவில்லை. அலகு மாவட்டமா, வட்டமா, நகரமா, நகராட்சியின் வார்டா என்னும் வினாவை அக்கருத்துரை எழுப்பியது. ஒரு சமுதாயத்தார் நகரின் ஒரு பகுதியில் ஒருங்கே கூடி வாழ்வது பல நகரங்களில் காணப்படும் இயல்பு என்பதையும் சுட்டியது. சட்டமுன்வடிவு மாநிலம் முழுவதற்கும் உரியதாகலின், மாநில மக்கள்தொகையே அளவுகோல் என முடிவு செய்தது. கேரளத்தின் மக்கள்தொகை 1 கோடியே 42 இலட்சம் என்றும், கிறித்தவர் 34 இலட்சம், முஸ்லிம்கள் 25 இலட்சம் என்றும் கருத்துரையில் கணக்குக் காட்டப்பட்டது. 1951 கணக்கெடுப்பின்படி திருவிதாங்கூர்-கொச்சியில் ஆங்கிலோ-இந்தியர் 11,990 பேர் எனவும் குறிக்கப்பட்டது.

நிருவாகத்தை அரசு ஏற்கும் 14, 15ஆம் கூறுகள் உதவி பெறும் சிறுபான்மைப் பள்ளிகளைப் பொறுத்தவரை செல்லா எனவும், ஊதியம், ஆசிரியர் தேர்வு முதலியன பற்றிய கூறுகள் ஏற்கத்தக்க ஒழுங்குமுறைகள் எனவும் பெரும்பான்மை நீதிபதிகள் கருதினர். நிருவகிக்கும் உரிமை என்பது சீர்கேடாக நிருவகிக்கும் உரிமை ஆகாது என்ற தெளிவுரையும் இக்கருத்துரையில் இடம்பெற்றது. கட்டணம் பற்றிய 20ஆம் கூறு 30(1)ஆம் பிரிவுக்கு முரணன்று என நீதிபதி டி.எல். வெங்கடராம ஐயர் மாறுபட்டார். சிறுபான்மைப் பள்ளியை அரசு அங்கீகரித்தே ஆக வேண்டும் என்னும் கடமை அப்பிரிவின் சொற்களில் இல்லை என்பது அவர் வாதம்.

திருத்தப்பட்ட சட்டமுன்வடிவு 1958 நவம்பரில் மீண்டும் நிறைவேறி, 1959 பிப்ரவரியில் ஒப்புதல் பெற்றது. அதனை எதிர்த்து எழுந்த 'விமோசன சமரம்' வலுப்பெற்றது. 1959 ஜூலை 31 அன்று அமைச்சரவை பதவிநீக்கம் செய்யப்பட்டது. தேர்வாணையம் வழி ஆசிரியரைத் தெரிந்தெடுக்கும் பிரிவு 1960இல் அடுத்த அரசால் மாற்றப்பட்டது. ஆயினும், அரசே ஊதியம் வழங்கும் முறை நிலைபெற்றது.

5. மட்டாஞ்சேரி காட்டும் நிலை

'வார்டு' பற்றி நீதிமன்றம் எழுப்பிய வினா வெறும் கற்பனையன்று. மட்டாஞ்சேரி அதற்கு நேரான எடுத்துக்காட்டு. கொச்சி அரசின் வணிக நகரமாக விளங்கி, 1967இல் கொச்சி மாநகராட்சியில் இணைந்த இவ்வூரில், தெருவுக்குத் தெரு வீட்டுமொழி மாறுபடுகிறது. கோவாவிலிருந்து வந்த கௌட சாரஸ்வதர்கள் திருமலை தேவஸ்தானக் கோயிலைச் சூழ்ந்த செர்லாய்ப் பகுதியில் கொங்கணி பேசுகின்றனர். குஜராத்தித் தெருவில் வணிகக் குடும்பங்களின் மொழி குஜராத்தி. கச்சி மேமன்களின் வீட்டுமொழி கச்சி. தக்கனி பேசும் முஸ்லிம்களும் உள்ளனர். தமிழ் பேசும் பிராமணர்களும், அண்மையிலுள்ள கோட்டைக் கொச்சி வேளிப் பகுதியில் தமிழ் பேசும் வண்ணார் குடும்பங்களும் தலைமுறைகளாக வாழ்கின்றனர். 1568இல் எழுந்த பரதேசி யூதர் தொழுகைக் கூடம், யூதர்கள் தமக்கெனக் கொண்டிருந்த மலையாள வழக்கை இன்றும் நினைவூட்டுகிறது. அவர்களுட் பெரும்பாலோர் 1950களிலிருந்து இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர்.

அரசின் வாதத்தின்படி தெருவையோ வார்டையோ அலகாகக் கொண்டால், கொங்கணியர் செறிந்த பகுதியில் கொங்கணியர் சிறுபான்மையர் ஆகார். அவர்தம் பள்ளி எத்தெருவில் அமைந்ததோ அதற்கேற்ப உரிமை மாறும். கூடி வாழ்வதனாலேயே ஒரு மொழி நிலைபெறுகிறது. அக்கூட்டு வாழ்வே அம்மொழியினரின் உரிமையைப் பறிக்கும் காரணமாகிவிடும். இம்முரணை நீதிமன்றம் விலக்கியது. மாநில அளவுகோலின்படி கொங்கணி, குஜராத்தி, கச்சி, தக்கனி, தமிழ் ஆகியவற்றைப் பேசுவோர் அனைவரும் ஐயமின்றிச் சிறுபான்மையரே.

எனினும், கருத்துரையில் முதன்மையாகக் காட்டப்பட்ட தொகைகள் சமய, மரபுக் குழுவினரைக் குறித்தன. 30(1)ஆம் பிரிவிலுள்ள 'மொழி' என்னும் சொல் அவ்வழக்கில் ஓரமாகவே நின்றது. அச்சொல் விரிந்த விவாதத்துக்கு வந்தது 2002இல், டி.எம்.ஏ. பை அறக்கட்டளை வழக்கில். கருநாடகத்தில் கொங்கணி மொழிச் சிறுபான்மை என்னும் உரிமை கோரியது அவ்வறக்கட்டளை. மொழிச் சிறுபான்மைக்கும் சமயச் சிறுபான்மைக்கும் மாநிலமே அலகு என 11 நீதிபதிகள் கொண்ட ஆயத்தின் பெரும்பான்மைத் தீர்ப்பு அறுதியிட்டது.

6. மூன்று சொற்கள்

மொழிபெயர்ப்பாளர் நோக்கில் மூன்று சொற்கள் கருதற்குரியன. முதலாவது, ஆங்கிலப் பாடத்தின் 'சாய்ஸ்'. இதனை 'விருப்பம்' எனப் பெயர்ப்பது வழக்கம். விருப்பம் மனநிலையைக் குறிப்பது. 'தெரிவு' செயலைக் குறிப்பது. அப்பிரிவின் தலையாய சொல் இதுவே என்றும், சமுதாயம் தெரிந்துகொள்ளும் அளவுக்கு உரிமை விரியும் என்றும் தாஸ் கருதியமையின், 'தெரிவு' என்பதே தீர்ப்பின் பொருளுக்கு நெருங்கியது.

இரண்டாவது, 'நிறுவவும் நிருவகிக்கவும்' என்பதிலுள்ள 'உம்'. 1967இல் அஜீஸ் பாஷா வழக்கில், நிறுவியவர்க்கே நிருவகிக்கும் உரிமை என அது இணைத்துப் படிக்கப்பட்டது. நாடாளுமன்றச் சட்டத்தால் உருவான நிறுவனத்தைச் சிறுபான்மையர் நிறுவியதாகக் கொள்ள இயலாது என்ற அவ்வழக்கின் முடிவு 2024இல் மாற்றப்பட்டது. கேரளக் கல்விச் சட்டமோ, 'நிறுவி நிருவகிக்கும், அல்லது நிருவகிக்கும்' பள்ளி எனச் சிறுபான்மைப் பள்ளியை வரையறுக்கிறது. 'உம்' நின்ற இடத்தில் 'அல்லது' வந்துள்ளமை நோக்கத்தக்கது.

மூன்றாவது, 'சிறுபான்மை' என்பதே. 30(1)ஆம் பிரிவின்படி உரிமையுடைய சிறுபான்மையர் நடத்துவதே சிறுபான்மைப் பள்ளி என்று கேரளச் சட்டம் கூறி நிற்கிறது. இலக்கணம் கூறாத அரசியலமைப்பையே இலக்கணமாகச் சுட்டுகிறது இவ்வரையறை. ஆகவே, அச்சொல்லின் பொருளை நீதிமன்றத்தின் வழியன்றி அறிதல் இயலாது.

7. முடிவுரை

சிறுபான்மையர் தம் பள்ளியில் எத்தகைய பொதுக்கல்வியையும் வழங்கலாம். தம் மொழியையோ பண்பாட்டையோ கற்பிப்பதோடு நின்றுவிட வேண்டியதில்லை என்பதும் 1958 கருத்துரையின் முடிவு. இதனால் நிருவாக உரிமை விரிந்தது. ஆனால், மொழிச் சிறுபான்மையர் நடத்தும் பள்ளியில் அவர்தம் மொழி கற்பிக்கப்பட வேண்டும் என்னும் கட்டாயம் ஏதும் இதனால் பிறக்கவில்லை. மலையாளமோ ஆங்கிலமோ பயிற்றுமொழியாயினும் பள்ளி சிறுபான்மைப் பள்ளியே. தாய்மொழித் தொடக்கக்கல்விக்கு வசதி செய்ய முயலுமாறு மாநிலங்களைப் பணிக்கும் 350அ பிரிவு 1956இலேயே அரசியலமைப்பில் சேர்க்கப்பட்டிருந்தது. அது நீதிமன்றத்தில் வலியுறுத்தத்தக்க அடிப்படை உரிமைகளின் வரிசையில் இல்லை. 1969ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையர்க்கு அரசுடன் தம் மொழியில் கடிதப் போக்குவரத்து நடத்த இடமளித்தது. கொங்கணிக்கும் குஜராத்திக்கும் அவ்விடம் இல்லை. கொங்கணி அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் 1992இல்தான் இடம்பெற்றது.

முண்டசேரி ஆசிரியரை மேலாளரின் பிடியிலிருந்து விடுவிக்க முயன்றார். அம்முயற்சி ஊதிய அளவில் வென்றது. அதனை எதிர்த்தோர் நிறுவனங்களைக் காத்துக்கொள்ள முயன்றனர். அம்முயற்சியும் பெருமளவு வென்றது. இவ்விரு தரப்பினரும் பேசாத ஒன்று, செர்லாயில் கொங்கணி பேசி வளரும் குழந்தை பள்ளிக்குள் நுழைந்ததும் எம்மொழியில் எழுதக் கற்கும் என்பதாகும். பள்ளியை நிருவகிக்கும் உரிமையும் மொழியைப் பயிலும் உரிமையும் வேறுவேறானவை. 30(1)ஆம் பிரிவின் ஒரே தொடரில் சமயமும் மொழியும் அடுத்தடுத்து நிற்பதால், ஒன்றுக்குக் கிடைத்த காப்பு மற்றதற்கும் கிடைத்ததாகக் கொள்ளுதல் பொருந்தாது. சட்டப் பாடங்களை மொழிபெயர்ப்போரும் மொழிக்கொள்கையை ஆராய்வோரும் இவ்வேறுபாட்டை மனங்கொள்ளுதல் வேண்டும்.