சுராஜ் வெஞ்ஞாறமூடு
மலையாளத் திரைப்பட நடிகர். திருவனந்தபுரம் மாவட்டத்து வெஞ்ஞாறமூடுக்காரர். பலகுரல் மேடைகளில் தொடங்கியவர். 'ராஜமாணிக்யம்' (2005) படத்துக்காக மம்மூட்டிக்குத் திருவனந்தபுரத்து வட்டார வழக்கைப் பழக்கியவர் இவரே. அந்தப் பேச்சுதான் இவரை நகைச்சுவைத் துணைவேடங்களில் நிலைநிறுத்தியது. பல ஆண்டுகள் அங்கேயே நிறுத்தியும் வைத்தது. டாக்டர் பிஜுவின் 'பேரறியாதவர்' படத்தில் துப்புரவுத் தொழிலாளியாக நடித்து, 2013ஆம் ஆண்டுக்கான தேசிய விருதை ராஜ்குமார் ராவுடன் பகிர்ந்துகொண்டார். ஆனால், பொதுப் பார்வையாளர் இவரைப் புதிதாகக் கண்டது 'ஆக்‌ஷன் ஹீரோ பிஜு' (2016) படத்தில்தான்: காவல் நிலையத்தில் உடைந்துபோய் நிற்கும் தகப்பன், சில நிமிட வேடம். சிரிக்கத் தயாராக வந்த அரங்கைக் கலங்கடித்த அபாரமான நடிப்பு அது. 'ஆண்ட்ராய்டு குஞ்ஞப்பன்' (2019) படத்தில் ரோபோவைப் பிள்ளையாகப் பாவிக்கும் முதியவராகவும், 'விக்ருதி'யிலும் நடித்ததற்கு மாநில அரசின் சிறந்த நடிகர் விருது பெற்றார். 'வீர தீர சூரன்' (2025) வழியே தமிழுக்கும் வந்தார்.