வளைவில் நிற்கும் தொண்டர்

விழாவாயினும் பந்தயமாயினும் மக்கள் தம் கண்முன் விரைந்து செல்வதையே நோக்குவர்; வழியைக் காத்து நிற்பவரை நோக்குதல் அரிது. தேர்த் திருவிழாவிலே வடம் பிடித்து இழுப்போர் பலர். சில்லின் அருகே கட்டையோடு நடந்து, வேண்டும்போது தேரைத் தடுத்து நிறுத்துவோர் சிலர். அச்சிலரின் கருத்துச் சிறிது சிதறினும் விழா துயரமாக மாறிவிடும். மோட்டார்ச் சைக்கிள் பந்தயத்திலும் அத்தகைய சிலர் உளர். பாதையின் வளைவுகளில் கொடியோடு நிற்கும் அத்தொண்டரை மார்ஷல் என்று அழைப்பர். அவர்களுடைய கதையை அறிய விரும்புவோர் ஐல் ஒவ் மான் என்னும் தீவின் வரலாற்றை நோக்குதல் வேண்டும்.

இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவே, ஐரிஷ் கடலில் அமைந்துள்ள சிறு தீவு அது. பரப்பு ஏறத்தாழ 220 சதுர மைல். 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை ஏறக்குறைய 84,000. பிரித்தானிய முடியின் கீழ் உள்ளதாயினும் அது ஐக்கிய இராச்சியத்தின் பகுதியன்று. தின்வால்ட் என்னும் தனக்குரிய பழம்பெரும் பாராளுமன்றத்தை உடையது. ஆண்டுதோறும் மே மாத முடிவிலும் ஜூன் மாதத் தொடக்கத்திலும் அங்கே டூரிஸ்ட் ட்றொபி என்னும் பந்தயம் நடைபெறுகின்றது. இதற்கெனக் கட்டப்பட்ட மைதானம் எதுவுமில்லை. ஊர்களுக்கூடாகவும் வயல்களுக்கூடாகவும் ஸ்னேஃபெல் மலைச் சரிவிலும் செல்லும் பொதுச் சாலையே பந்தயப் பாதை. அதன் சுற்று 37¾ மைல். வளைவுகள் இருநூறுக்கு மேல். இப்பாதை நெடுகிலும் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட தொண்டர் நின்றாலன்றிப் பந்தயம் தொடங்காது. அவர்களுக்குச் சம்பளம் கிடையாது. இத்துணைப் பேரைத் திரட்டியது எங்ஙனம்? வந்தவரை மறு ஆண்டும் வரச் செய்வது யாது? இவ்விரு வினாக்களும் நூறாண்டுகளுக்கு மேலாக அத்தீவினரை விட்டு அகலவில்லை.

பந்தயம் அத்தீவுக்கு வந்ததற்குக் காரணம் ஒரு சட்டம். பிரித்தானியாவிலே 1903ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டம் மோட்டார் வண்டிகளின் வேகத்தை மணிக்கு 20 மைல் என வரையறுத்தது. பொதுச் சாலையை மூடிப் பந்தயம் நடத்தவும் அங்கே இடமில்லை. தீவின் பாராளுமன்றமோ 1904இல் சாலைகளை மூடுவதற்கு இடமளிக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. அவ்வாண்டிலேயே மோட்டார்க் கார்ப் போட்டி நடந்தது. 1907ஆம் ஆண்டு மே மாதம் 28ஆம் நாள், சென் ஜோன்ஸ் என்னும் ஊரிலிருந்து முதலாவது மோட்டார்ச் சைக்கிள் டூரிஸ்ட் ட்றொபி தொடங்கிற்று. புறப்பட்டவர் 25 பேர். ஒற்றைச் சிலிண்டர் வண்டிகளுள் மட்ச்லெஸ் வண்டியை ஓட்டிய சார்லி கொலியர் மணிக்கு 38 மைல் சராசரி வேகத்தில் முதலிடம் பெற்றார். இரட்டைச் சிலிண்டர்ப் பிரிவிலே நோர்ட்டன் வண்டியில் றெம் ஃபௌலர் வென்றார். இடையிலே பத்து நிமிட ஓய்வு கட்டாயமாக இருந்தது. அந்நாளில் சாலையோரத்தில் நின்றவரின் பணி பெரும்பாலும் மக்களையும் கால்நடைகளையும் விலக்குவதே.

1911இல் பந்தயம் மலைப் பாதைக்கு மாறியது. அப்பாதை அக்காலத்திலே பெரும்பாலும் வண்டித் தடமாகவே இருந்தது. ஆடுகள் வழிதவறாதிருக்க ஆங்காங்கே படலைகள் இடப்பட்டிருந்தன. அவ்வாண்டுப் பயிற்சியின்போதே விக்டர் சரிட்ஜ் என்னும் ஓட்டுநர் கிளென் ஹெலன் அருகே விழுந்து உயிர் நீத்தார். மலைப் பாதை கொண்ட முதற்பலி அதுவே. 37 மைலுக்கு மேல் நீண்ட சாலையைச் சிறு தீவின் பொலிஸ் படை மட்டும் காத்தல் இயலாத காரியம். ஆகவே அவ்வப்பகுதி மக்களே காவலராயினர். தம் வீட்டு மதிலின் எதிரேயுள்ள வளைவைத் தாமே காத்தல் அவர்களுக்கு இயல்பான கடமையாயிற்று. காலப்போக்கில் இக்கடமைக்குச் சட்டத்தின் வலுவும் சேர்ந்தது. சாலை மூடப்பட்டிருக்கும் வேளையில் மார்ஷல் ஒருவர் பொலிஸ் கொன்ஸ்டபிளின் அதிகாரத்தோடு நிற்கின்றார். ஊதியம் அளிக்காத அரசு இவ்வாறு அவருக்கு மதிப்பை அளித்தது.

பாதுகாப்பிலே ஏற்பட்ட முன்னேற்றம் ஒவ்வொன்றும் ஒரு துயரத்தின் பின்னர் வந்தது. அவ்வாறு வந்த ஒவ்வொரு முன்னேற்றமும் மேலும் பல தொண்டரை வேண்டி நின்றது. 1927ஆம் ஆண்டுவரை பயிற்சி ஓட்டத்தின்போது சாலைகள் மூடப்படுவதில்லை. அவ்வாண்டு ஜூன் மாதத்தில், காலைப் பயிற்சியில் வந்த ஆர்ச்சி பேர்க்கின் என்பவர், கிர்க் மைக்கல் என்னும் ஊரருகே எதிர்ப்பட்ட மீன் வண்டியை விலகச் சென்று உயிரிழந்தார். அவ்வளைவு இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றது. 1928 முதல் பயிற்சிக்கும் சாலைகள் மூடப்பட்டன. அது நன்மையே. ஆயின் அதன் விளைவு யாது? பந்தய நாட்களுக்கு மட்டும் வேண்டியிருந்த காவலர் இனிப் பயிற்சி நாட்களுக்கும் வேண்டியவராயினர். விடியற்காலைக் குளிரில் எழுந்து வந்து நின்று, பின்னர்த் தம் அன்றாடத் தொழிலுக்குச் செல்லக்கூடியவர் எத்தனை பேர்?

1934இல் மற்றொரு துயரம் நேர்ந்தது. மலை மீது மூடுபனி கவிந்திருந்த வேளையில் நடைபெற்ற லைட்வெயிட் பந்தயத்திலே சிட் கிராப்ட்றீ என்னும் ஓட்டுநர் விழுந்து இறந்தார். வளைவிலே நிற்பவரின் கண் எட்டாத இடங்களும் உள என்பதை அது உணர்த்திற்று. அடுத்த ஆண்டில், மோட்டார்ச் சைக்கிளிலேயே பாதையைச் சுற்றிச் சென்று விபத்து நேர்ந்த இடத்தை விரைவில் அடையும் மார்ஷல்கள் நியமிக்கப்பட்டனர். பந்தய ஓட்டத்தில் தேர்ச்சி பெற்றவர்களே இப்பணிக்குத் தெரிந்தெடுக்கப்பட்டனர். ஓட்டத்தை விட்ட வீரர் பந்தயத்தை விட்டு நீங்காதிருக்க இஃது ஒரு வழியாயிற்று, அனுபவமும் வீணாகவில்லை.

இளைஞரைச் சேர்க்கும் வழியையும் தீவினர் அறிந்திருந்தனர். டக்ளஸ் நகரின் பார்வையாளர் மேடைக்கு எதிரே நின்ற பெரிய புள்ளிப் பலகையிலே, ஒவ்வோர் ஓட்டுநரும் எங்கே செல்கின்றார் என்பதைக் காட்டும் பணியைப் பல தசாப்தங்களாகச் சாரணச் சிறுவர்கள் செய்து வந்தனர். பள்ளிப் பருவத்திலேயே பந்தயம் தம்முடையது என்ற உணர்வு பிறந்துவிடின், வளர்ந்த பின் ஒருவரைத் தேடிச் சென்று அழைக்க வேண்டியதில்லை.

இரு உலகப் போர்களும் இத்தொடர்ச்சியை அறுத்தன. முதற்போரின் பின் 1920இலும், இரண்டாம் போரின் பின் 1947இலும் டூரிஸ்ட் ட்றொபி மீண்டும் தொடங்கியது. 1949 முதல் அது உலக வெற்றிப் போட்டித் தொடரின் ஓர் அங்கமாகவும் விளங்கிற்று. 1957இல் பொப் மக்கின்ரயர் மணிக்கு 100 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் முதன்முதலாக ஒரு சுற்றை முடித்தார். வேகம் ஏற ஏற விழுந்தவரை மீட்கும் வேகமும் ஏற வேண்டியதாயிற்று. 1963இல் ஹெலிகொப்டர் சேவை புகுத்தப்பட்டது. காயமுற்ற ரொனி கொட்ஃபிறி என்பவர் அதன் மூலம் வைத்தியசாலைக்கு எடுத்துச் செல்லப்பட்டார். எனினும் விழுந்தவரை முதலில் அடைபவர் வளைவிலே நிற்கும் தொண்டரே. கொடி காட்டுபவர், செய்தி அனுப்புபவர், சிதறிய வண்டியை அகற்றுபவர், தலையும் கழுத்தும் அசையாதவாறு தாங்குபவர் எல்லாம் அவரே.

1972இல் இத்தாலிய வீரர் கில்பேர்ட்டோ பார்லொட்டி இப்பாதையில் இறந்தார். அதன் பின் புகழ்பெற்ற வீரர் சிலர் இப்பந்தயத்தைப் புறக்கணித்தனர். 1976ஆம் ஆண்டோடு உலக வெற்றிப் போட்டித் தொடரில் அதற்கிருந்த இடமும் நீங்கிற்று. ஆயினும் பந்தயம் அழியவில்லை. பட்டத்தின் கவர்ச்சி குன்றிய பின்னரும் பாதையின் மீது பற்றுக்கொண்டோர் பிரித்தானியாவிலிருந்தும் ஐரோப்பிய நாடுகளிலிருந்தும் கப்பலேறி வந்துகொண்டேயிருந்தனர். சேர்ப்போரின் நோக்கு இவ்விருந்தினர் மீதும் சென்றது. வேலியோரத்தில் வெறுமனே நின்று பார்ப்பவரை, அவ்வேலிக்கு இப்பால் வந்து நிற்குமாறு அழைத்தனர். பார்வையாளருக்குக் கிட்டாத அணிமையும், தோழமையும், ஒரு பொறுப்பும் ஒருங்கே கிடைத்தல் கண்டு பலர் இசைந்தனர். தீவினரின் தொகையால் மட்டும் நிரப்ப முடியாத வளைவுகள் இவ்வாறு நிரம்பின.

வந்தவரை நிலைபெறச் செய்தல் சேர்ப்பதினும் கடினம். பணியோ எளிதன்று. ஓட்டுநர் ஒருவர் பின் ஒருவராகப் பத்துச் செக்கன் இடைவெளியில் புறப்படுவர். ஆகவே சாலை வெறிதாகத் தோன்றும் கணத்திலும் அடுத்தவர் வந்துகொண்டிருக்கலாம். மலையிலே மூடுபனி விலகும்வரை மணிக்கணக்காகக் காத்திருத்தல் வேண்டும். சாலை திறக்கப்படும்வரை இடத்தைவிட்டு அகலுதலும் ஆகாது. இத்தகைய பணிக்கு ஒருவரை மீண்டும் மீண்டும் கொணர்வது பெரும்பாலும் இடப்பற்றே. ஆண்டுதோறும் அதே வளைவு, அதே குழு, அதே தலைவர் என்ற நிலையில், வளைவு ஒரு குடும்பமாகின்றது. தந்தை நின்ற இடத்தில் மகளோ மகனோ வந்து நிற்பதும் உண்டு. பாதை 12 பகுதிகளாக வகுக்கப்பட்டுப் பகுதிக்கொரு தலைமை மார்ஷலும் அவர் கீழ்த் துணைவரும் இருப்பதால், அனுபவம் மிக்கவர் படிப்படியாக உயர்தற்கும் வழியுண்டு.

ஆயின் அன்பு மட்டும் போதாது என்பதை இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகள் காட்டின. 2005இல் கிர்க் மைக்கலிலே சாலையைக் கடந்த பெண் மார்ஷல் ஒருவரும், அவரோடு மோதிய ஓட்டுநரும் உயிரிழந்தனர். நூற்றாண்டு விழா நடந்த 2007இல் மலைப் பாதையிலே ஓட்டுநர் ஒருவரும் பார்வையாளர் இருவரும் இறந்தனர். மார்ஷல்கள் இருவர் காயமுற்றனர். நல்லெண்ணத்தோடு வந்து நிற்பவரைப் பயிற்சியின்றி நிறுத்துதல் அவருக்கும் பிறருக்கும் இழைக்கும் தீங்காகும் என்பது தெளிவாயிற்று. விபத்தைக் கையாளும் முறை, முதலுதவி, கொடிகளின் பொருள், செய்தி அனுப்பும் ஒழுங்கு என்பன பற்றிய வகுப்புகள் முதன்மை பெற்றன. இங்கேதான் அமைப்பாளரின் இக்கட்டு உள்ளது. பயிற்சியைக் கூட்டினால், விடுமுறையிற் சில நாட்களே உடையவர் பின்வாங்குவர். குறைத்தால், உயிர்கள் இடருக்குள்ளாகும். ஆள் போதாமையாற் பயிற்சி ஓட்டம் தாமதித்துத் தொடங்கிய நாட்களும் உண்டு.

2001இல் கால்நடைகளுக்குக் கோமாரி நோய் பரவியமையாலும், 2020, 2021ஆம் ஆண்டுகளில் கொரோனாத் தொற்றினாலும் பந்தயம் நிறுத்தப்பட்டது. ஒரு வழக்கம் ஈராண்டு தடைப்படின், அதனை மீண்டும் மேற்கொள்ளாது விடுதல் மனித இயல்பு. எனினும் 2022இல் கொடிகள் மீண்டும் வளைவுகளில் விரிந்தன. அடுத்த ஆண்டிலே பீற்றர் ஹிக்மன் மணிக்கு 136 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில், பதினேழு நிமிடங்களுக்குள் ஒரு சுற்றை முடித்தார்.

மலைப் பாதையிலே இதுவரை 250க்கு மேற்பட்ட ஓட்டுநர் உயிர் துறந்துள்ளனர். இப்பந்தயம் தொடர்தல் தகுமா என்று கேட்போர் அன்றும் இருந்தனர், இன்றும் உளர். அவ்வினாவுக்கு விடை எதுவாயினும், பந்தயம் நிகழும் நாள்வரை விழுந்தவரின் அருகே முதலில் மண்டியிட ஒருவர் இருத்தல் வேண்டும். வெற்றி மேடையில் அவர் பெயர் கூறப்படுவதில்லை. ஓட்டுநர் யாவரும் நலமே திரும்பிய நாளில், அவர் செய்த பணி யாதென எவருக்கும் தெரிவதுமில்லை. அத்தகைய நாள் வாய்த்தலையே அவர் தமக்குரிய பரிசாகக் கொள்கின்றார். ஊதியம் கொடுத்து அம்மனத்தை வாங்க முடியாது. மதிப்பும் பயிற்சியும் தோழமையும் அளித்து அதனைப் பேணலாம். தொண்டரை வேண்டி நிற்கும் எந்த நிறுவனமும் அச்சிறு தீவிடமிருந்து கற்கத்தக்க பாடம் அதுவே.